குதிரைப் பித்துப் பிடித்த பிள்ளைக்கு எது நல்லது: சொந்த மட்டக்குதிரையா, பயிற்சிப் பள்ளியா, பக்கத்து லாயமா?

குதிரை என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், காவிரி டெல்டாக்காரர்களுக்கு மூன்று வழிகள் தென்படும். மட்டக்குதிரை ஒன்றை வாங்கிக் கொட்டிலில் கட்டலாம். சவாரி சொல்லித்தரும் பள்ளிக்கு அனுப்பலாம். எல்கைப் பந்தயத்துக்கு, அதாவது வண்டி பூட்டி எல்லைவரை ஓடித் திரும்பும் போட்டிக்கு, குதிரை வளர்க்கும் தெரிந்தவரின் லாயத்துக்குக் கூட்டிப்போகலாம். என் மகளுக்காக மூன்றையும் விசாரித்து, யோசித்து வந்த முடிவு இது.

"நாலு மாடு கட்டின வீடு, ஒரு குதிரையைக் கட்ட முடியாதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். மாட்டை வைத்துக் குதிரையைக் கணக்குப் போடுவதில்தான் ஆபத்து. மாடு அசைபோடும் பிராணி. குதிரைக்கு இரைப்பை சின்னது. கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டிய உடம்பு. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலைத் தின்று வயிற்றுவலி வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்குத் தினமும் ஏறக்குறைய 5 கிலோ உலர்தீனி வேண்டும். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் நெல் வைக்கோலில் அதற்கான சத்து இல்லை.

மண்ணும் ஒத்துழைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வாசலெல்லாம் களிச்சேறு. அதிலேயே நிற்கிற குதிரைக்குக் குளம்பின் அடிப்பக்கம் அழுகிப்போகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவியாக வேண்டும். அது தெரிந்த லாடக்காரரை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். குதிரை கூட்டமாக வாழ்கிற பிராணி, ஒற்றையாகக் கட்டினால் ஏங்கிப்போகும். 25, 30 வருஷம் உயிரோடிருக்கும். சேணத்தோடு சேர்த்துத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அது சுமக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு. பத்தாம் வகுப்பு வருவதற்குள் பல பிள்ளைகள் அந்த எடையைத் தாண்டிவிடுவார்கள். அதன்பிறகு அந்த ஜீவனின் கதி? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டில் குதிரை வாங்க வேண்டாம்.

பயிற்சிப் பள்ளியின் பலம் ஒழுங்கு. நல்ல ஆசிரியர் முதல் நாளே கடிவாளத்தைக் கையில் கொடுத்துவிட மாட்டார். நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக நடக்கவிட்டு, பிள்ளைக்கு முதலில் உட்காரச் சொல்லித்தருவார். தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சைக்கிள் கவசம் போதாது. சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியில் பாதம் உள்ளே நழுவிச் சிக்காதபடி சின்னக் குதிகால் வைத்த காலணியும் வேண்டும். சேர்க்கும் முன் நான் கேட்கச் சொல்வது: குதிரையைத் தேய்த்துவிட்டுச் சேணம் பூட்டுவதையும் பிள்ளைக்குக் கற்றுத்தருவீர்களா? ஒரு குதிரைமேல் காலையில் எத்தனை பேர் ஏறுவார்கள்? மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இதன் குறை தூரம். மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்கள் சிதம்பரம், கடலூர் வழியாக ஆரோவிலில் இருக்கும் ரெட் எர்த் பள்ளிக்குப் போகலாம். ஆனால் வாராவாரம் போய்வந்தால் பிள்ளை பேருந்திலேயே களைத்துவிடும். அதனால் விடுமுறையில் அங்கேயே தங்கி, தொடர்ச்சியாகச் சில நாள் கற்பதே உருப்படியான வழி.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா இது?" என்று கேட்கும் அப்பாயிகளுக்கு ஒரு செய்தி. ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் மோதுவது குதிரையேற்றத்தில்தான் வழக்கம். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், 41 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் குதிரையேற்றத் தங்கம் வாங்கித்தந்த அணியில் திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

ஆனாலும் லாயத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். குதிரைமேல் ஏற அல்ல, பக்கத்தில் நிற்க. நேர் பின்னால் நிற்பவரைக் குதிரைக்குத் தெரியாது என்பதால் தோள் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். காதை மடக்கினால் விலக வேண்டும். கொள்ளு ஊறவைப்பது, சாணி அள்ளுவது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது என்று கைவேலையில் வரும் பழக்கம் சேணத்தில் உட்கார்ந்தால் மட்டும் வராது. அள்ளி அலுத்துப்போகாத பிள்ளையின் ஆசை நிஜம்.

பந்தயக் குதிரை முதுகில் மட்டும் பிள்ளையை ஏற்றவே கூடாது, குதிரைக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். பத்து வயதில் போடும் ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியைத் தவறவிடக்கூடாது. சாட்டையை ஓயாமல் வீசுகிற இடமாக இருந்தால் வேறு லாயம் பாருங்கள். பிள்ளை அங்கே பார்ப்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

லாயமும் அமையாத ஊரென்றால், ஒருநாள் கோடியக்கரைக்குக் கூட்டிப்போங்கள். சரணாலயத்தில் கட்டற்றுத் திரியும் மட்டக்குதிரைகளைத் தூர இருந்து பார்க்கலாம், தீனி நீட்டக்கூடாது. எது முன்னே போகிறது, எது ஒதுங்கி நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஆக, எங்கள் வீட்டில் பள்ளி நாட்களில் ஞாயிறு காலை லாயம், கோடை விடுமுறையில் சவாரிப் பள்ளி. மட்டக்குதிரை இல்லை என்று மகளிடம் காரணத்தோடு சொல்லியாயிற்று. அழுதாள். குளம்பு அழுகலைப் பற்றி லாயத்தில் அவளே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.