தம்பி பிள்ளைகள் நம் வீட்டில்: வாய்ப்பேச்சு போதுமா, கோர்ட்டா, கமிட்டியா, தத்தா?

தம்பி மனைவி இறந்த பிறகு அவன் குடி கட்டுக்கடங்காமல் போய்விட்டது. பிள்ளைகள் இருவரும் மூன்று வருடமாக என்னோடுதான். பெரியவளுக்கு 11, சின்னவனுக்கு 7. இதே நிலையில் இருக்கும் அத்தை, சித்தி, பாட்டிகளுக்காக இதை எழுதுகிறேன்.

நம் வழக்கப்படி பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து "நீயே வச்சுப் பாத்துக்கம்மா" என்பார்கள், அதோடு சரி. செலவில்லை, அலைச்சலில்லை, பிள்ளைகளுக்கும் லீவுக்கு வந்த மாதிரிதான். நானும் முதல் வருடத்தை இப்படித்தான் ஓட்டினேன். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு தம்பி போதையில் வந்து, தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பி பைக்கில் உட்கார வைத்தான். தடுக்க என் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, சட்டப்படி அவன்தானே கார்டியன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிச் சாவியைப் பிடுங்கியதால் தப்பித்தோம்.

கோர்ட்டில் 1890-ஆம் வருடச் சட்டப்படி கார்டியன் மனு போடலாம். உத்தரவு கிடைத்தால் பலமானது. ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போது, அவர் பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவர் என்று நீதிபதிக்குப் பட வேண்டும். அதாவது வக்கீல் வைத்து, வாய்தா வாய்தாவாக, கூடப் பிறந்தவனுக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டும்.

மாவட்டக் குழந்தைகள் நலக் குழு, அதாவது நான் கமிட்டி என்று சொன்னது, அதன் வழி இதைவிட இலகு. 2015 சிறார் நீதிச் சட்டப்படி, கவனிக்க முடியாத நிலையில் பெற்றோர் இருக்கும் பிள்ளையையும் குழு தன் பொறுப்பில் எடுத்து விசாரிக்கலாம்; 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஒரு போன் செய்தாலே தொடங்கிவிடலாம். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், அப்புறம் உறவினரிடமே ஒப்படைத்து எழுத்தில் உத்தரவு தரலாம். "ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுவாங்க" என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். ஹோமைக் கடைசி வழியாகத்தான் வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வருட வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருந்தால் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்க்கும் மனு கொடுக்கலாம். நான் இந்த வழியில்தான் போனேன்.

ஹாஸ்டல்? அம்மாவை இழந்த பிள்ளையை ஏழு வயதில் அங்கே அனுப்ப எனக்கு மனசில்லை.

தத்து எடுக்கவும் சொந்தக்காரர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் தத்துக் கொடுத்துவிட்டால் பெற்றவனுக்கு உரிமையே இருக்காது. தம்பிக்கு 36 வயதுதான் ஆகிறது. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணை அவன் போனில் நானே பதிந்து வைத்திருக்கிறேன், இரண்டு முறை சிகிச்சைக்கும் போய் வந்தான். அவன் திரும்பி வரும் வாசலை நான் அடைக்க மாட்டேன்.

இப்போது நிதானமாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருகிறான். வராத ஒரு ஞாயிறு சின்னவன் கேட்டான்: "நான் சத்தம் போட்டதாலயா அத்தை அப்பா குடிக்கிறாரு?" இல்லைடா கண்ணா, அது அப்பாவுக்கு வந்த நோய், உன்னால வந்தது இல்லை என்றேன். மறுநாளும் அதையே கேட்டான். மறுநாளும் அதையே சொன்னேன்.