விண்மீனுக்கு யாரை அனுப்பலாம்: இயந்திரமா, உயிரா?

விண்மீன் பயணக் கதைகள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒன்றில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலிலேயே பிறந்து, வாழ்ந்து, சாகிறார்கள். இன்னொன்றில் செயற்கை அறிவு தன்னந்தனியாகப் போகிறது. கடலூரில் நாங்கள் சில வாசகர்கள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடினால் பேச்சு சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும். நான் இயந்திரத்தின் கட்சி.

முதலில் தூரம். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. 1977-இல் கிளம்பிய ‘வாயேஜர் 1’ விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கி.மீ. போகிறது. அந்த வேகத்தில் அங்கே போய்ச்சேர 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 2023 நவம்பரில் அதன் நினைவகச் சில்லு ஒன்று பழுதாகி, வெறும் குப்பைத் தரவாக வந்துகொண்டிருந்தது. பொறியாளர்கள் அந்தச் சில்லில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் அதை மறுபடி பேச வைத்தார்கள். ஒரு கட்டளை போய்ச்சேரவே 22 மணி நேரத்துக்கு மேல். பிராக்சிமாவில் பழுது என்றால் நான்கு ஆண்டு. அங்கே தன்னைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரிந்த இயந்திரம்தான் பிழைக்கும்.

உயிரை அனுப்புவதில் சிக்கல், அது தனியாகப் போகாது என்பதுதான். மண், நுண்ணுயிர், காற்று எல்லாம் கூடவே போகவேண்டும். 1991-இல் அரிசோனாவில் ‘பயோஸ்பியர் 2’ கண்ணாடிக் கூடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆண்டு அடைபட்டு இருந்தார்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் உயிர்வளியை (ஆக்சிஜனை) தின்றன. 21 சதவீதம் சுமார் 14-க்கு இறங்கியது. வெளியிலிருந்து கொண்டுவந்து செலுத்தவேண்டியதாயிற்று. கப்பலுக்கு ஏது வெளி?

எங்கள் கூட்டத்தில் கிள்ளைக்கார அக்கா ஒருவர் உயிரின் கட்சி. "பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுச் சுரபுன்னையைப் பாருங்க தம்பி. விதையைத் தாய்மரத்திலேயே முளைக்க வைச்சு, முருங்கைக்காய் நீளத்துக்கு வளர்த்து, அப்புறம்தான் தண்ணியில விடுது. இதைவிட நல்ல விண்கலம் யாரு செஞ்சா?" என்பார். அருமையான வாதம், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த முளைக்கு எதிர்க்கரையில் அதே சேறு, அதே உப்பு, அதே ஓதம் காத்திருக்கிறது. வேற்றுக் கோளில் அந்த உறுதி கிடையாது.

கதைச் சுவை என்று பார்த்தால் அக்கா பக்கம்தான் வெற்றி. தான் கேட்காத பயணத்தில் பிறந்த குழந்தையின் துயரம் எந்த இயந்திரக் கதையிலும் வராது. அதிலும் இயந்திரத்துக்குப் பொறாமை, தனிமை எல்லாம் ஒட்டவைத்து எழுதினால் சப்பென்று போய்விடுகிறது.

சரி, போன இடத்தில் உயிர் இருந்தால்? நான் இயந்திரத்தின் பக்கம் நிற்கும் முதல் காரணமே இதுதான். மனிதன் போனால் கோடானுகோடி நுண்ணுயிர்களோடு போவான். அவற்றைக் கழுவி எடுக்க வழியில்லை. இயந்திரத்தைச் சூடேற்றிச் சுத்தப்படுத்தலாம். 1975-இல் செவ்வாய்க்கு ஏவிய வைக்கிங் தரையிறங்கு கலங்களை அப்படித்தான் செய்தார்கள். சனியைச் சுற்றிய காசினி விண்கலத்தை, என்செலடஸ் போன்ற நிலவுகளில் உயிர் இருந்தால் அதற்குக் கேடு வரக்கூடாது என்று 2017 செப்டம்பரில் சனிக்குள்ளேயே விழவைத்து எரித்தார்கள். மனிதர்கள் ஏறிய கப்பலுக்கு அந்தக் கட்டளையை யாராலும் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.