வானதூதர்களின் போர்: 'லீஜியன்' பார்ப்பதா, 'தி பிராஃபசி' பார்ப்பதா?

2010இல் வெளியான ஆங்கிலப் படம் 'லீஜியன்' தொடக்கத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பாலைவனச் சாலையோர உணவகம். தள்ளாடி வரும் பாட்டியின் தட்டில் வேகாத இறைச்சி, அதில் ஈ ஊர்கிறது. சற்று நேரத்தில் அவள் ஒருவரின் கழுத்தைக் கடித்துவிட்டுச் சுவரேறிக் கூரையில் ஓடுகிறாள். அந்த அச்சத்தைப் படம் அப்படியே கைவிட்டதுதான் எனக்கு ஆறாத வருத்தம். சிறகை அறுத்தெறிந்துவிட்டு மனிதர் பக்கம் வந்த வானதூதர் மிக்கேல் துப்பாக்கிகளை அள்ளிக் கொடுக்கிறார். பிறகு சுடுவதும் புலம்புவதுமே மிச்சம். உலகின் முடிவு ஓர் உணவகத்துக்குள் சுருங்கிவிடுகிறது. மிக்கேலாக நடித்த பால் பெட்டனியின் உழைப்பு வீண்.

1995இல் வந்த 'தி பிராஃபசி' படத்தில் பெரிய வெடிச்சத்தம் இல்லை. ஆனால் இங்கே போருக்குக் காரணம் இருக்கிறது: கடவுள் மனிதனை அதிகம் நேசித்துவிட்டார் என்ற வானதூதர்களின் பொறாமை. கிறிஸ்டோபர் வாக்கன் நடித்த வானதூதர் கபிரியேல், மரக்கிளையில் பறவை அமர்வதுபோல் குந்தி உட்கார்கிறார். காரோட்டத் தெரியாததால், தற்கொலைக்கு முயன்ற ஒருவனைச் சாகவிடாமல் பிடித்துவைத்து ஓட்டச் சொல்கிறார். அந்தச் சிறிய கொடுமை, 'லீஜியன்' காட்டும் கூட்டத்தைவிட அதிகம் நடுங்க வைக்கிறது. இறுதியில் விகோ மார்டென்சன் சாத்தான் லூசிபராக வந்து மெல்லிய குரலில் பேசும் காட்சிக்காகவே, கதை நடுவில் தடுமாறினாலும், நான் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.