டெம்பரேச்சர் கன்னுடன் 6 வருடம்

திருகோணமலைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் எனக்குப் பராமரிப்பு வேலை. 6 வருடமாக இடுப்பில், தொடாமலே சூடு அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று தொங்குகிறது, ஆலையில் எல்லோருக்கும் அது டெம்பரேச்சர் கன். முதலில் வாங்கியது 12:1 (நிற்கும் தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம்), மூன்றாம் வருடம் 50:1 ஒன்று வாங்கினேன். பழையதையும் எறியவில்லை.

முதல் வருடம் நான் கொப்பியில் எழுதியதில் பாதி பிழை. அது எனக்குத் தெரிய வந்ததே, சுழலும் தண்டைத் தாங்கும் பெயாரிங் ஒன்று போன பிறகுதான். நெல் ஏற்றும் எலிவேற்றரின் தலைப்பக்கப் பெயாரிங் நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. யார் ஏணி வைத்து ஏறுவது என்று கீழே நின்றே சிவப்புப் புள்ளியை அதன் நடுவில் வைத்து அழுத்துவேன், 46, 48 பாகை என்று காட்டும், எழுதிவிட்டுப் போய்விடுவேன். ஒரு கச்சான் காற்றுக் காலத்து மத்தியானம் அது இறுகிப்போய் பெல்ட் கருகி, ஆலை அரை நாள் நின்றது. அன்று காலையிலும் 48 என்றுதான் எழுதியிருந்தேன். உமித் தூசி பறக்கும் இடம், நெருப்புப் பிடிக்காதது புண்ணியம்.

பிழை கன்னில் இல்லை. லேசர் புள்ளி நாம் எந்தப் பக்கம் நீட்டுகிறோம் என்று காட்டுவதற்கு மட்டும்தான், அளப்பது அந்தப் புள்ளியை அல்ல. அளப்பது ஒரு வட்டத்தை, அது கண்ணுக்குத் தெரியாது. 12:1 என்றால் 12 மீற்றர் தள்ளி நின்றால் 1 மீற்றர் அகல வட்டம். 4 மீற்றரில் அது 33 சென்ரிமீற்றர், என் பெயாரிங் ஹவுசிங்கோ 12 சென்ரிமீற்றர்கூட முழுசாக வராது. வட்டத்தின் பரப்பில் எட்டில் ஒரு பங்குதான் பெயாரிங், மீதியெல்லாம் பின்னால் இருந்த சுவர். சுவரின் சூட்டை ஒரு வருடமாகக் கவனமாகப் பதிந்து வைத்திருக்கிறேன்!

50:1 அதே இடத்தில் 8 சென்ரிமீற்றர் வட்டம் தருகிறது. மட்டுமட்டாகச் சரி. வட்டத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்காது, வெளியிலிருந்தும் கொஞ்சம் சூடு உள்ளே வரும், அதனால் அளக்கும் பொருள் வட்டத்தைவிட ஒன்றரை மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும், இரண்டு மடங்கு என்றால் நிம்மதி. சரிந்து நின்று அளந்தால் வட்டம் நீண்டு முட்டை வடிவாகிவிடும், முடிந்தவரை நேர் எதிரே நில்லுங்கள். கிட்ட வைத்து அளக்கும்போது இன்னொரு தொல்லை, லேசர் வெளிவரும் துளையும் லென்ஸும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் புள்ளி போல்ற் தலையில் விழும், லென்ஸோ பக்கத்து இரும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஃபோகஸ் விஷயம் எனக்கு இன்னும் பிந்தித்தான் விளங்கியது. கையடக்கக் கன்களில் ஃபோகஸ் மாற்ற முடியாது, ஏதோ ஒரு தூரத்தில் வட்டம் அதன் கணக்குக்குச் சிறுத்து, அதைத் தாண்டினால் விரியத் தொடங்கும். எந்தத் தூரம் என்பது கன்னின் பக்கவாட்டிலேயே படமாக ஒட்டியிருக்கிறது, யார் பார்க்கிறோம்? போய்லர் சரிபார்க்க வந்த ஒரு அண்ணன் கண் வைத்துப் பார்த்துக் கடும் சூட்டை அளக்கும் பைரோமீற்றர் ஒன்றை என் கையில் தந்தார். உள்ளே சின்ன வட்டம் தெரியும், அந்த வட்டத்துக்குள் விழுவதுதான் அளவு. லென்ஸைத் திருகி, வட்டமும் அடுப்புக்குள்ளே இருக்கும் செங்கல்லும் ஒன்றாகத் துலங்கும்வரை கொண்டுவர வேண்டும். "தம்பி, இப்ப கண்ணை இடம் வலம் ஆட்டிப் பார். வட்டம் கல்லை விட்டு நகர்ந்தால் ஃபோகஸ் இன்னும் வரேல்லை" என்றார். உமி எரியும் அடுப்பின் பார்வைத் துளை சின்னது, அதன் விளிம்பு பார்வையை மறைத்தால் அளவு குறைந்துவிடும் என்றும் சொன்னார். துளையின் விளிம்பில் ஃபோகஸ் வைத்து நான் எடுத்த முதல் அளவைப் பார்த்து அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

வடிவாகக் குறிபார்த்தாலும் மினுங்கும் உலோகம் ஏமாற்றும். நீராவிக் குழாயின் அலுமினியத் தகட்டை நோக்கினால் அறையின் சூட்டைத்தான் காட்டும், கை வைத்தால் தோல் உரியும். மினுக்கமில்லாத கறுப்புப் பெயின்ற் ஒரு பொட்டு அடித்து, காய்ந்தபின் அதை அளக்கிறேன். பொட்டும் வட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கதைதான். மின் சுவிட்ச் போட்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே அளக்கவும் முடியாது, கண்ணாடியின் சூடுதான் வரும்.

கடற்காற்று லென்ஸில் மெல்லிய உப்புப் படலம் விடும், அளவு குறைந்துகொண்டே போகும். மாதம் ஒருமுறை மீன் கடையில் ஐஸ் வாங்கி நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அளந்து பார்ப்பேன். 0-க்குக் கிட்ட வந்தால் நல்லது. ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த கையோடு அளக்கக் கூடாது, அரை மணித்தியாலம் வெளிச் சூட்டில் கிடக்கட்டும். ஒரு போயா (பௌர்ணமி) லீவுக்கு கன்னியா வெந்நீரூற்றுக்கும் கொண்டுபோனேன். ஏழு கிணற்றுக்கும் வெவ்வேறு சூடு என்பது சரி, ஆனால் கன் பார்ப்பது தண்ணீரின் மேல் தோலை மட்டும், வாளியால் கலக்கினால் எண் மாறுகிறது. வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது ஒவ்வொரு பெயாரிங்குக்கும் நேரே தரையில் மஞ்சள் பெயின்றால் இரண்டு பாதம் வரைந்து வைத்திருக்கிறேன், யார் அளந்தாலும் அங்கே நின்றுதான் அளக்க வேண்டும். இரவு வேலைப் பொடியன் பாதத்தில் ஒழுங்காக நிற்கிறான், புள்ளியை மட்டும் பெல்ட் கவரில் வைக்கிறான். அங்கே வைத்தால்தான் நல்லாத் தெரியுதாம்.