கால்சியம் ஹைட்ராக்சைடா, மூன்று ஆன்டிபயாடிக் பேஸ்டா: டென்டினுக்கு எது பாதகம்?

ரூட் கெனால் சிகிச்சையில் இரண்டு அமர்வுகளுக்கு நடுவே பல்வேரின் குழாய்க்குள் வைக்கிற மருந்து, கிருமியோடு சேர்த்துக் குழாய்ச் சுவரையும் தாக்குகிறது. அந்தச் சுவர் டென்டின் என்ற பல்திசுவால் ஆனது. அதில் எடைக்கணக்கில் சுமார் 70% கனிமம், 20% கொலாஜன் முதலான கரிமப்பொருள், மீதி நீர்.

கடினத்தை விக்கர்ஸ் முறையில் சோதிக்கிறார்கள்: 136 டிகிரி வைர முனையைக் குறிப்பிட்ட எடையில் அழுத்தி, பதிந்த குழியின் மூலைவிட்டத்தை அளப்பது. பல்லின் நடுவில் உள்ள கூழுக்கு (நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு) அருகில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மென்மையானது. அதனால் ஒரே பல்துண்டில், குழாயிலிருந்து ஒரே தூரத்தில், மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால்தான் அந்த எண்களை நம்பலாம்.

வேகமாகக் கெடுப்பது மூன்று ஆன்டிபயாடிக் பேஸ்ட். மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின், மினோசைக்ளின் மூன்றையும் கெட்டியாகக் குழைத்தால் அமிலத்தன்மை கூடும். மினோசைக்ளின் கால்சியத்தைப் பிடித்து இழுக்கும். கனிமம் போய்க் கொலாஜன் வெளியே தெரியும். மினோசைக்ளினை விட்டுவிட்டால் பல் கறுப்பது நிற்கும். ஆனால் மற்ற இரண்டையும் கெட்டியாக வைத்தால் மென்மையாவது நிற்காது. தீர்வு செறிவில்தான் இருக்கிறது. ஆய்வகங்களில் மில்லிலிட்டருக்கு 1 கிராம் வரை கெட்டியாகக் குழைத்துச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்க எண்டோடான்டிஸ்ட் (ரூட் கெனால் நிபுணர்) சங்கம் சொல்வதோ 1 முதல் 5 மில்லிகிராம். மூன்று தூளிலும் 100 மில்லிகிராம் எடுத்து 100 மில்லி கிருமிநீக்கிய நீரில் கலந்தால் மில்லிலிட்டருக்கு மொத்தம் 3 மில்லிகிராம் வரும். அது தண்ணீராக ஓடும். மெதில்செல்லுலோஸ் ஜெல்லில் கலந்தால் குழாயில் நிற்கும். மாத்திரையை இடித்துப் போடாதீர்கள்: நிரப்புப்பொருளும் சேர்ந்து எடைக்கணக்கு தவறிவிடும்.

கால்சியம் ஹைட்ராக்சைடு மெதுவாக வேலை செய்யும். பிஎச் சுமார் 12.5 என்பதால் கொலாஜனுக்கும் கனிமத்துக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. முதிராத (வேர்நுனி இன்னும் மூடாத) ஆட்டுப் பற்களில் ஆண்ட்ரியாசன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டளவில் முறிவு வலிமை பாதியாகக் குறைந்தது. அவர்கள் அளந்தது கடினத்தை அல்ல, முறிவை. ஆனாலும் எச்சரிக்கை அதேதான். சில வாரங்கள் வைப்பதற்குப் பெரிதாக அஞ்ச வேண்டாம். வேர்நுனி மூடட்டும் என்று மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வைப்பதைத்தான் கைவிட வேண்டும். அதற்கு எம்டிஏ என்ற பல்சிமென்ட்டால் வேர்நுனியை அடைக்கும் முறை இருக்கிறது.

2% குளோர்ஹெக்சிடின் ஜெல் இந்த இரண்டையும்விடச் சுவருக்குச் சாது. ஆனால் திசுவைக் கரைக்காது. குழாயைக் கழுவும் ஹைப்போகுளோரைட் கரைசலோடு சேர்ந்தால் பழுப்பு வீழ்படிவு படியும், இடையில் சலைனால் (உப்புநீர்) நன்றாகக் கழுவ வேண்டும்.

மருந்தை எடுக்கும்போதும் சேதம் நேர்கிறது. கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் 17% இடிடிஏ கரைசல் ஒரு நிமிடம், கூடவே அல்ட்ராசோனிக் அசைவு. பெரும்பாலும் அது போதும். பத்து நிமிடம் விட்டால் டென்டின் குழல்களின் வாயே அரிக்கப்படும். அதன்பின் நீண்ட நேரம் ஹைப்போகுளோரைட் ஊற்றினால் வெளிப்பட்ட கொலாஜனும் கரைந்துவிடும்.

சுவர் மெல்லிய முதிராத பல்லில் என் தேர்வு: முதலில் குறுகிய கால கால்சியம் ஹைட்ராக்சைடு. தொற்று அடங்காவிட்டால் மட்டும் நீர்த்த ஆன்டிபயாடிக் கலவை, அதுவும் மினோசைக்ளின் இல்லாமல்.