வாட்டர் ஹீட்டருக்கு எந்த வயர்: எஃப்ஆரா, எச்ஆரா, சிலிக்கானா?

"ஹீட்டருக்குச் சூடு தாங்குற வயரா குடுங்க அண்ணாச்சி" என்று நெல்லை டவுனில் கேட்டுப் பாருங்கள். எஃப்ஆர் என்று அச்சடித்த சுருள் மேசைக்கு வந்தால் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். எஃப்ஆர் என்பது தீ பரவுவதை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். சூட்டைத் தாங்குவதில் அது சாதா பிவிசிதான். 70 டிகிரியோடு சரி. சூடு தாங்கவே செய்த எச்ஆர் பிவிசிக்கு 85 டிகிரி. சிலிக்கான் ரப்பர் 180 வரை நிற்கும்.

அப்படியானால் சிலிக்கானையே வீடு முழுக்க இழுத்துவிடலாமே? வேண்டாம். அது மெத்தென்று இருக்கும். பைப்புக்குள் இழுக்கும்போதே கிழியும். விலையும் கூட. அதற்கு ஏற்ற இடம் ஹீட்டர் மூடிக்குள், தெர்மோஸ்டாட்டிலிருந்து காயிலுக்குப் போகும் ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணில் மட்டும் பிவிசியைப் போட்டு மிச்சம் பிடிக்கக் கூடாது. தொட்டிச் சூட்டில் அது விறைத்து, வெடித்து, செம்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

சுவருக்குள் போகும் லைனுக்கு உறையைவிடச் செம்பின் கனம்தான் முக்கியம். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயரும், கரண்டு மிஞ்சினால் தானே அணையும் 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்சும் போதும். 3000 வாட் இன்ஸ்டன்ட் என்றால் 13 ஆம்பியர். அதையும் 2.5 தாங்கும்தான், ஆனால் நானாக இருந்தால் 4 ஸ்கொயர்தான் போடுவேன். அதே கரண்டுக்கு வயரில் உண்டாகும் சூடு எட்டில் மூன்று பங்கு குறையும். லைட் லைனிலிருந்து இழுப்பதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

"நம்ம ஊர் வெயிலுக்கு மொட்டைமாடித் தட்டே கொதிக்குதே, சுவருக்குள்ளயும் எச்ஆர் வேணாமா?" என்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? அது ஓடுவது மார்கழி விடியலில். தென்காசிப் பக்கம் என்றால் சாரல் மாதங்களிலும். அப்போது தட்டு குளிர்ந்துதான் கிடக்கும். மத்தியான வெயிலில் ஓடும் ஏசி லைனுக்கு வேண்டுமானால் அந்தக் கவலை நியாயம்.

எச்ஆர் தேவைப்படுவது கடைசித் துண்டுக்கு: சுவிட்சிலிருந்து ஹீட்டருக்கு வரும், ஹீட்டரின் உடம்பில் உரசி நிற்கும் வயருக்கு. அதை நீட்ட வேண்டியிருந்தால் டேப் சுற்றாமல் பீங்கான் கனெக்டர் போடச் சொல்லுங்கள். பிளக் பின் பழுப்பேறியிருந்தால் கோளாறு அநேகமாக லூஸ் திருகில்தான். 180 டிகிரி வயரை மாட்டினாலும் அது சரியாகாது. சாக்கெட்டையும் பிளக்கையும் மாற்றி, கறுத்த செம்பைப் பளபளப்பு தெரியும்வரை வெட்டிவிட்டு முடுக்க வேண்டும்.