மிஹாக், ஷாங்க்ஸ், ஜோரோ: வாளுக்கு வாள் எவ்வளவு இடைவெளி?

எய்ச்சிரோ ஓடா 1997 முதல் வரைந்து வரும் ‘ஒன் பீஸ்’ என்னும் கடற்கொள்ளையர் மங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதையின்) வாள்வீரர்களை எடைபோட முனைவோர் பலரும் முதலில் பார்ப்பது அவர்கள் தலைக்கு வைக்கப்பட்ட விலையைத்தான். கடற்கொள்ளைத் தலைவர் ஷாங்க்ஸுக்கு 404 கோடியே 89 லட்சம் பெர்ரி (அக்கதையின் நாணயம்), உலகின் தலைசிறந்த வாள்வீரர் எனப்படும் மிஹாக்குக்கு 359 கோடி, அந்தப் பட்டத்தைக் குறிவைக்கும் மூவாள் வீரன் ஜோரோவுக்கு, வானோ நாட்டுப் போருக்குப் பின், 111 கோடியே 10 லட்சம். இந்த அளவுகோலில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவரைக் கண்டு உலக அரசு எவ்வளவு அஞ்சுகிறது என்பதையே அந்தத் தொகை காட்டுகிறது. அவரிடமுள்ள படையும், அவர் கொடி பறக்கும் கடற்பரப்பும் அதில் அடக்கம். வாள்திறனை ஓடா அளந்து காட்டும் இடம் வேறு: யாருக்கு எதிரே யார் எந்த வாளை உருவுகிறார் என்பதில்தான் அது இருக்கிறது.

‘பாராட்டியே’ என்னும் உணவகக் கப்பலருகே ஜோரோ முதன்முறையாக மிஹாக்கை எதிர்கொண்டபோது, முதுகில் ‘யோரு’ என்னும் பெருவாளைச் சுமந்திருந்த மிஹாக், கழுத்தில் தொங்கிய சிலுவையிலிருந்து விரல் நீளக் கத்தி ஒன்றை எடுத்து, மூன்று வாள்களும் சேர்ந்து பாய்ந்த தாக்குதலை அதன் நுனியில் நிறுத்தினார். கத்தி நெஞ்சில் இறங்கிய பின்னும் ஜோரோ ஓரடி பின்வாங்காததைக் கண்ட பிறகே யோரு உருவப்பட்டது, அதுவும் மரியாதைக்காக. அடுத்த மோதலில் ஜோரோவின் வாள்களில் இரண்டு உடைந்தன. எஞ்சிய ஒன்றை உறையிலிட்டு, முதுகில் காயம் வாங்குவது வாள்வீரனுக்கு இழுக்கு என்று திரும்பி நின்று நெஞ்சில் வெட்டு வாங்கினான். தொடரில் இதைவிடத் தெளிவாக அளந்து காட்டப்பட்ட இடைவெளி வேறில்லை என்பேன்.

மிஹாக்குக்கும் ஷாங்க்ஸுக்கும் இடையே அப்படிப்பட்ட அளவு கிடையாது. அவர்களின் பழைய மோதல்கள் வெள்ளைத்தாடி என்னும் பெரும் கடற்கொள்ளைத் தலைவரின் காதுவரை எட்டியவை. ஆனால் ஷாங்க்ஸ் இடக்கையை இழந்த பின், ஒற்றைக்கை மனிதருடன் கணக்குத் தீர்க்க விருப்பமில்லை என்று மிஹாக் விலகிக்கொண்டார். வாளில் மிஹாக் ஒரு நூலிழை மேல், ஹாக்கி என்னும் மனவலிமை ஆற்றலையும் சேர்த்த மொத்தப் போரில் ஷாங்க்ஸ் மேல் என்பது என் கணிப்பு. கடற்படைத் தலைமையகமான மரைன்ஃபோர்டில் நடந்த போரில் வெள்ளைத்தாடியின் தளபதி விஸ்டா மிஹாக்கைத் தடுத்து நிறுத்தியதை வைத்து அவ்விருவரும் சமம் என்று வாதிடுவோர் உண்டு. அது முடிவு காணாமல் இருவரும் ஒப்பி நிறுத்திய மோதல் மட்டுமே.

இன்றைய ஜோரோ எங்கே நிற்கிறான்? வெல்ல விரும்பிய மிஹாக்கிடமே மண்டியிட்டு, குரைகானா தீவில் இரண்டாண்டு பயின்றவன் அவன். வானோவில் ‘என்மா’ வாளை முதன்முறை வீசியபோது, அது அவனுடைய ஹாக்கியை உறிஞ்சிக் கையை வற்றிப்போகச் செய்து, அவன் எண்ணாத அளவுக்கு மலைச்சரிவையும் சேர்த்து வெட்டியது. அதே வாளுடன் வானோவை ஆட்டிப்படைத்த கொள்ளைத் தலைவன் கைடோவின் உடலில் தழும்பு பதித்தான். கைடோவின் வலக்கையான, 139 கோடி விலையுள்ள கிங்கையும் வீழ்த்தினான். ஆக, விரல் கத்தி போதும் என்று இன்று மிஹாக் நினைக்க மாட்டார். தொடக்கத்திலேயே யோரு உருவப்படும். ஆனால் யோரு ஒரு கறுப்பு வாள், அதாவது ஹாக்கி ஊறி நிலையாகக் கறுத்துப்போனது. வானோவின் பழங்கால வாள்வீரன் ரியூமா போர்களின் வழியே தன் ‘ஷூசுய்’ வாளைக் கறுக்கச் செய்தான். கிங்கை வீழ்த்திய நாளில்கூட ஜோரோவின் மூன்று வாள்களில் ஒன்றும் அப்படி நிலையாகக் கறுத்திருக்கவில்லை.